உயிலில் இருந்த ஒரு சொல்: ஸ்டீஃபன் ஜிரார்டும் பத்தடி மதிலும்

சொத்து வைத்திருந்தவர் செத்துப்போனாலும் அவர் எழுதிவைத்த காகிதம் சாவதில்லை. ஒரு சத்திரம், ஒரு மாணவர் விடுதி, ஒரு கல்விக் கட்டளை என்று ஏதாவது ஒன்றின் வாசலில் போய் நின்று, எங்கள் பிள்ளைக்கும் இடம் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் கையில் என்ன இருக்கிறது, பெரியவர் அப்படி எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார் என்று பதில் வரும். உயிரோடு இருப்பவரிடம் நியாயம் கேட்கலாம், சண்டை போடலாம். இறந்தவரிடம் எப்படிக் கேட்பது?

இந்தக் கேள்வியை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துக் கறுப்பின மக்கள் கேட்டார்கள். 14 ஆண்டுகள் நீதிமன்றத்திலும் தெருவிலும் நின்று பதிலையும் வாங்கினார்கள். அவர்கள் எதிர்கொண்டது ஸ்டீஃபன் ஜிரார்ட் என்ற பெரும் பணக்காரரின் உயிலை. தன் காலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய செல்வந்தர்களில் ஒருவர் அவர். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அந்த உயிலும், அதைத் தடுத்து நிறுத்திய அரசியல் சட்டமும் நமக்குப் புரியும்.

கப்பல் பையன்

ஜிரார்ட் 1750ஆம் ஆண்டு மே 20 அன்று பிரான்ஸ் நாட்டின் துறைமுக நகரமான போர்டோவில் பிறந்தார். தந்தை கப்பல் தலைவர், வணிகர். சிறு வயதிலேயே ஜிரார்டுக்கு ஒரு கண்ணில் பார்வை போனது. பன்னிரண்டு வயதை ஒட்டித் தாயும் இறந்துபோனார். பள்ளிப் படிப்பு பெரிதாக எதுவும் இல்லை. 14 வயதில் கப்பலில் எடுபிடிப் பையனாக ஏறினார். கடலிலேயே தொழில் கற்று, 23 வயதில் கப்பல் தலைவராகும் தகுதியைப் பெற்றார்.

அவர் ஓடிய கடல்வழிகளில் ஒன்று மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. அங்கே சர்க்கரையும் காப்பியும் விளைந்தன. அவற்றை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். ஜிரார்டின் தொடக்க கால வணிகத்தில் அந்த விளைச்சலும் இருந்தது.

1776ஆம் ஆண்டு, அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனை எதிர்த்துப் போர் நடத்திக்கொண்டிருந்த நேரம். பிரிட்டிஷ் கப்பல்களுக்கு அஞ்சி ஜிரார்டின் கப்பல் டெலாவேர் ஆற்றுக்குள் ஒதுங்கி பிலடெல்பியாவை அடைந்தது. தற்செயலாக வந்து சேர்ந்த அந்த ஊரிலேயே அவர் தங்கிவிட்டார். 1777இல் மேரி லம் என்ற பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டு பென்சில்வேனியாவின் குடிமகனானார்.

வணிகம் வளர்ந்தது, வீடு வளரவில்லை. 1785 வாக்கில் மேரிக்கு மனநோய் கண்டது. 1790இல் பென்சில்வேனியா மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், 1815இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். மருத்துவமனையில் பிறந்த பெண் குழந்தையும் சில மாதங்களில் இறந்தது. ஜிரார்டின் செல்வத்துக்குப் பிள்ளை வாரிசு இல்லாமல் போனது இப்படித்தான்.

கொள்ளைநோய் வந்த ஆண்டு

1793இல் பிலடெல்பியாவை மஞ்சள் காய்ச்சல் தாக்கியது. சுமார் 50 ஆயிரம் பேர் வாழ்ந்த நகரத்தில் ஏறக்குறைய 5 ஆயிரம் பேர் மாண்டார்கள். வசதி உள்ளவர்கள் வண்டி கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். ஜிரார்ட் ஓடவில்லை. புஷ் ஹில் என்ற இடத்தில் இருந்த தொற்றுநோய் மருத்துவமனையை நடத்தும் பொறுப்பைப் பீட்டர் ஹெல்ம் என்பவரோடு சேர்ந்து தானாக முன்வந்து ஏற்றார். நோயாளிகளைத் தொட்டுத் தூக்கினார், துடைத்தார், பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த நகரம் அதை மறக்கவில்லை. நாமும் அதை மறைக்க வேண்டியதில்லை.

அதே கொள்ளைநோயில் நின்று வேலை செய்த இன்னொரு கூட்டமும் உண்டு. அப்சலம் ஜோன்ஸ், ரிச்சர்ட் ஆலன் என்ற இரண்டு கறுப்பினத் தலைவர்கள் நடத்திய சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தார் அவர்கள். கறுப்பு உடம்பை இந்தக் காய்ச்சல் அண்டாது என்று அன்றைய மருத்துவர்கள் தவறாக நம்பினார்கள். அந்த நம்பிக்கையை வைத்தே அவர்களை உதவிக்கு அழைத்தார்கள். அவர்கள் நோயாளிகளைப் பராமரித்தார்கள், பிணங்களைச் சுமந்தார்கள், புதைத்தார்கள். காய்ச்சல் அவர்களையும் கொன்றது. நோய் தணிந்த பிறகு கிடைத்தது பாராட்டு அல்ல, பழி. கறுப்பினத்தவர் சிலர் பணம் பிடுங்கினார்கள், திருடினார்கள் என்று ஒரு பதிப்பாளர் அச்சிட்டு விற்றார். ஜோன்ஸும் ஆலனும் 1794இல் ஒரு சிறு நூல் வெளியிட்டு அதை மறுக்க வேண்டியிருந்தது. பிணம் சுமக்கவும் பறை அடிக்கவும் கூப்பிட்டுவிட்டு, காரியம் முடிந்ததும் தெருவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நமக்கு இந்தக் கதை புதிதல்ல.

ஒரே நகரம், ஒரே நோய், ஒரே சேவை. 37 ஆண்டுகள் கழித்து உயில் எழுத உட்கார்ந்தபோது ஜிரார்டின் மனதில் அந்த மக்களின் பிள்ளைகளுக்கு இடம் இருக்கவில்லை.

வங்கியும் உயிலும்

ஜிரார்ட் தன் கப்பல்களுக்கு வால்டேர், ரூசோ, மொந்தெஸ்கியு என்று பெயர் வைத்தார். மனித விடுதலையைப் பற்றி எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர்களின் பெயர்கள் அவை. அந்தக் கப்பல்கள் சீனாவரை போய் வந்தன. 1812இல் அவர் தனி வங்கி தொடங்கினார். அடுத்த ஆண்டு பிரிட்டனோடு நடந்த போருக்காக அமெரிக்க அரசு கடன் திரட்டித் திணறியபோது, அதில் பெரும் பகுதியை எடுத்துக்கொண்டவர்களில் ஜிரார்டும் ஒருவர். அரசே கை நீட்டி நின்ற பணக்காரர் அவர். ஆனால் எளிமையாக வாழ்ந்தார். ஊருக்குத் தெற்கே இருந்த தன் பண்ணையில் வயதான காலத்திலும் தானே இறங்கி வேலை செய்தார்.

1830இல் வழக்கறிஞர் வில்லியம் டுவேனைக் கொண்டு உயிலை எழுதினார். 1831 டிசம்பர் 26 அன்று, 81ஆம் வயதில் இறந்தார். அவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு சுமார் 70 லட்சம் டாலர். அன்றைய அமெரிக்காவில் அது கற்பனைக்கு எட்டாத தொகை.

உறவினர்களுக்குச் சிறிதளவு கொடுத்துவிட்டுப் பெரும்பகுதியைப் பொதுக் காரியங்களுக்கே எழுதினார். மருத்துவமனைக்கு, காது கேளாதோர் பள்ளிக்கு, ஏழைகளுக்குக் குளிர்கால விறகு வாங்க, ஆற்றங்கரைத் தெருவைச் சீர்படுத்த, கால்வாய் வெட்ட என்று பட்டியல் நீண்டது. அவர் வீட்டில் ஹன்னா என்ற கறுப்பின அடிமைப் பெண் இருந்தார். அவருக்கு விடுதலையும் ஆண்டுக்கு 200 டாலரும் அந்த உயிலில்தான் கிடைத்தன. அதே உயிலில் லூசியானா மாநிலத்தில் இருந்த நிலமும், அதில் உழைத்த சுமார் 30 அடிமைகளும், மாடு கன்றுகளைப் போல வேறு கைகளுக்கு எழுதிவைக்கப்பட்டார்கள். ஒரே காகிதம் ஒருவரை விடுவித்தது, முப்பது பேரைப் பிணைத்தே வைத்தது.

உயிலின் மையமான பகுதி ஒரு பள்ளிக்கூடம். 20 லட்சம் டாலரைப் பிலடெல்பியா நகர நிர்வாகத்தின் பொறுப்பில் ஒப்படைத்து, தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றை அமைக்கச் சொன்னார். 6 வயதிலிருந்து 10 வயதுக்குள் சேர்க்க வேண்டும். சோறு, துணி, படிப்பு, பின்பு தொழில் பயிற்சி எல்லாம் இலவசம். எந்த மதத்தின் குருவும் உள்ளே நுழையக் கூடாது. சுற்றிலும் பத்தடி உயரத்துக்குக் குறையாத மதில் இருக்க வேண்டும். சேர்க்கப்பட வேண்டியவர்கள் ஏழைகளாக, வெள்ளையராக, தந்தையை இழந்த ஆண் பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

ஏழை என்பது நல்ல நிபந்தனை. தந்தையை இழந்த பிள்ளை என்பது கருணை. அவற்றுக்கு நடுவில் வெள்ளையர் என்ற ஒரு சொல் உட்கார்ந்திருந்தது. பத்தடி மதிலைவிட உயரமாக நின்றது அந்தச் சொல்தான்.

கறுப்புப் பிள்ளைகள் வெளியே

உயிலை எதிர்த்து முதலில் வழக்குப் போட்டவர்கள் சொந்தக்காரர்கள். சொத்து தங்களுக்கு வரவேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். மத குருமார்களை விலக்கியது தவறு என்று டேனியல் வெப்ஸ்டர் என்ற புகழ்பெற்ற வழக்கறிஞர் அவர்களுக்காக வாதாடினார். 1844இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உயில் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நிறத்தைப் பற்றி அந்த வழக்கு கேள்வி எழுப்பவில்லை. கேட்கக்கூடிய நிலையில் கறுப்பின மக்களும் இல்லை. 1838இல்தான் பென்சில்வேனியாவின் புதிய அரசியல் சட்டம் வாக்குரிமை வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே என்று எழுதிக்கொண்டது.

1848 ஜனவரி 1 அன்று பள்ளி திறந்தது. பளிங்குத் தூண்கள் கொண்ட மாளிகை போன்ற கட்டடம். பின்னாளில் ஜிரார்டின் உடலும் அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டது. 1869 முதல், மாநிலச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட நகர அறக்கட்டளை வாரியம் பள்ளியை நிர்வகித்தது. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கின் திருப்பம் இதில்தான் இருக்கிறது.

இதற்கிடையே நாடு மாறியது. 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. 1868இல் அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம் வந்தது. எந்த மாநிலமும் எந்த மனிதருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். பள்ளியைச் சுற்றியிருந்த வட பிலடெல்பியா 20ஆம் நூற்றாண்டில் கறுப்பின மக்கள் நிறைந்த பகுதியாக மாறியது. கணவனை இழந்த தாய்மார்கள் தினமும் அந்த மதிலை ஒட்டி வேலைக்கு நடந்தார்கள். மதிலுக்கு அந்தப்பக்கம் இலவசச் சோறும் படிப்பும் இருந்தன. மதிலுக்கு இந்தப்பக்கம் தகப்பனில்லாத அவர்களுடைய பிள்ளைகள் நின்றார்கள்.

வழக்கு

1954இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு, நகர மன்ற உறுப்பினரும் கறுப்பின வழக்கறிஞருமான ரேமண்ட் பேஸ் அலெக்சாண்டரின் முயற்சியில், தந்தையை இழந்த கறுப்பினச் சிறுவர்கள் பள்ளியில் சேர விண்ணப்பித்தார்கள். ஏழைகள், வயதும் சரி, தந்தையும் இல்லை. நிறம் ஒன்றே குறை என்று வாரியம் மறுத்தது.

வழக்கு மாநில நீதிமன்றங்களில் தோற்றது. தன் பணத்தைத் தன் விருப்பப்படி கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு, 14ஆவது திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனி மனிதரை அல்ல என்பது அங்கே வென்ற வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயம்போலத் தெரியும். ஆனால் 1957இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மிகச் சுருக்கமான ஒரு தீர்ப்பில் அதை உடைத்தது. உயில் தனி மனிதருடையதாக இருக்கலாம், அதை நடத்தும் வாரியம் அரசின் அங்கம், அரசின் அங்கம் நிறத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது என்றது.

இதோடு முடிந்தது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். வாரியம் அரசின் அங்கம் என்பதுதானே சிக்கல் என்று மாநில நீதிமன்றம் வாரியத்தையே விலக்கிவிட்டுத் தனியார் அறங்காவலர்களை நியமித்தது. கதவு மறுபடியும் மூடியது. சட்டம் ஒரு வாசலைத் திறந்தால் ஆதிக்கம் கொல்லைப்புறமாக வந்து தாழ்ப்பாள் போடும். நாம் இதையும் பார்த்தவர்கள்தான்.

1965 மே 1 அன்று செசில் மூர் என்ற கறுப்பின வழக்கறிஞரின் தலைமையில் மதிலைச் சுற்றி மறியல் தொடங்கியது. மாணவர்கள், இளைஞர்கள், தாய்மார்கள் என்று முறை வைத்து நடந்தார்கள். ஆகஸ்ட் 3 அன்று மார்ட்டின் லூதர் கிங் அங்கே வந்து பேசினார். ஏழு மாதங்களுக்கு மேல் மறியல் நீடித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் புதிய வழக்கு தாக்கலானது. இந்த முறை மாநில அரசும் நகர நிர்வாகமும் சிறுவர்களின் பக்கம் நின்றன.

1968இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல பத்தாண்டுகள் அரசின் கை நடத்திய பள்ளி இது. பாகுபாட்டைக் காப்பாற்றும் விதமாக ஒரு நீதிமன்றம் ஆட்களை மாற்றி நியமித்தால் அந்த நியமனமும் அரசின் செயல்தான் என்றது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. 1968 செப்டம்பரில் முதல் கறுப்பினச் சிறுவர்கள் அந்த வாசலுக்குள் நடந்துபோனார்கள். 14ஆவது திருத்தம் வந்து அப்போது சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஜிரார்டின் பணத்தை யாரும் பறிக்கவில்லை. பள்ளி அவர் பெயரிலேயே இன்றும் நடக்கிறது. ஏழைப் பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள். ஒரு சொல்தான் உதிர்ந்தது. 1984இல் பெண் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். 2009இல் ஒரு கறுப்பினப் பெண்ணே அந்தப் பள்ளியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

எல்லா வழக்கும் இப்படி முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டஸ் பேக்கன் என்ற செனட்டர், வெள்ளையருக்கு மட்டும் என்று மேக்கன் நகரத்துக்கு ஒரு பூங்காவை உயிலில் எழுதிவைத்தார். அதை வெள்ளையருக்கு மட்டும் நடத்தக் கூடாது என்று 1966இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நிபந்தனை இல்லாமல் பூங்காவே இல்லை என்று மாநில நீதிமன்றம் நிலத்தை வாரிசுகளுக்குத் திருப்பிவிட, 1970இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. எல்லோருக்கும் திறக்க வேண்டிய பூங்கா யாருக்கும் இல்லாமல் போனது. சட்டம் பாதி வேலைதான் செய்யும். மீதியை மக்கள் கண்காணித்தால்தான் நடக்கும்.

நம் கையில் இருக்கும் சட்டம்

அமெரிக்காவின் அந்த 14ஆவது திருத்தத்துக்கும் நமக்கும் நேரடி உறவு உண்டு. சட்டத்தின் சமமான பாதுகாப்பு என்ற அதன் கருத்து நம் அரசியல் சட்டத்தின் 14ஆவது பிரிவில் அப்படியே இடம்பெற்றிருக்கிறது. அந்தச் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பாபாசாகேப் அம்பேத்கர், 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

நம் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிட ஓரடி முன்னே போகிறது. அங்கே அரசின் கை எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி வாதாட வேண்டியிருந்தது. இங்கே தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவு அரசை மட்டுமல்ல, தனி மனிதரையும் கட்டுப்படுத்துகிறது. பொதுமக்களின் பயன்பாட்டுக்கு விடப்பட்ட கிணறு, குளம், படித்துறை, சாலையில் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது 15ஆவது பிரிவு. அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிலையம் சாதியைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது 29ஆவது பிரிவு. பொதுமக்களின் நன்மைக்காக ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளையின் பயனைத் தீண்டாமையின் பெயரால் மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தன் சுய சம்பாத்தியத்தை எந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது என்பது பெரும்பாலும் இன்றும் எழுதுபவரின் விருப்பம்தான். அதில் யாரும் கை வைக்கவில்லை. ஒரே சாதியாருக்கென்று தனியாக எழுதப்பட்ட அறக்கட்டளைகளும் இருக்கின்றன. ஆனால் பொதுவுக்கு என்று சொல்லி, அரசின் நிதியையோ நிர்வாகத்தையோ துணைக்கு வைத்துக்கொண்டு, சேரிக்கு மட்டும் கதவை மூடினால் அங்கே உயில் நிற்காது, அரசியல் சட்டம்தான் நிற்கும்.

ஆகவே மாணவர்களே, பெரியவர் எழுதிவைத்துவிட்டார் என்று அடுத்த முறை யாராவது சொன்னால் தலை குனிந்து திரும்பி வராதீர்கள். அந்தக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். நிலம் சார்ந்த பதிவு ஆவணம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுப் போடுங்கள். பொதுமக்களுக்கு என்று எழுதியிருக்கிறதா, அரசு பணம் வருகிறதா, அறநிலையத் துறையோ வேறு துறையோ கண்காணிக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பிலடெல்பியாவின் தாய்மார்களும் முதலில் செய்தது, பிள்ளையின் பெயரை எழுதி ஒரு விண்ணப்பம் கொடுத்ததுதான்.